இடது கால்

சத்தத்தைச் செய்து காட்டுங்கள் என்றேன்.
எவாரிஸ்தோ லேய்வா டையைச் சரிசெய்துகொண்டார்.
நோட்டரி அலுவலகத்தில் முப்பது வருடம்
பிறர் கையெழுத்துக்குச் சாட்சி நின்றவர்.
ஒரு காரைப் போலக் கத்த வாய் வரவில்லை.
ஒரு மாதிரி சத்தம், செஞோரா ஓயார்சோ, என்றார்.
ஒரு மாதிரி என்று
என் அலமாரியில் எந்த உதிரிபாகமும் இல்லை.

பின்சீட்டிலிருந்து அவர் மனைவி ஹெனோவேவா,
மடியில் சூடான ரொட்டிப் பையோடு,
கண்ணை மூடிச் செய்து காட்டினாள்:
கீச் கீச் கீச் கீச்
பல்லிடுக்கில், அலுக்காமல்,
தெருநாய் ஒன்று நின்று பார்க்கும்வரை.
அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நறநற என்றால் பல்லைச் சந்தேகிப்பேன்.
மூன்றாம் கியரில் மட்டும் ஙொய்யென்று இழுத்தால்
மூன்றாம் கியரைத்தான் விசாரிக்க வேண்டும்.
கிளம்பும்போது லொட்டென்று ஒரே ஒரு தட்டு,
அது எஞ்சினைத் தாங்கும் ரப்பர், கியர்பெட்டிக்கு ஒன்றுமில்லை.
கீச் இவற்றில் சேர்த்தியில்லை.
காய்ந்துபோன ஏதோ ஒன்று
ஆட இடம் கிடைத்து ஆடுகிறது.

பட்டறைக்குள் வந்ததும் கார் சாதுவாகிவிட்டது.
எல்லாக் கார்களும் இப்படித்தான்.
ஆகவே பிளாயா ஆன்ச்சா மேட்டில் ஏறினோம்,
வல்பராய்சோவின் ஜூலைக் காற்று
கதவைப் பிய்க்கப் பார்க்க,
அவர் ஓட்ட, பக்கத்தில் நான்
வலது காதைத் தரைப்பக்கம் சாய்த்தபடி.
இடது காதைத் துறைமுகத்துக்குக் கொடுத்துப் பல காலம்.

மூன்றில் ஊளை இல்லை. நாலில் இல்லை.
கியர்பெட்டி நிரபராதி.

வளைவில் எஞ்சின் மட்டும் அலறியது.
கார் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல்
அதே வேகத்தில் ஊர்ந்தது.
ஹெனோவேவா ரொட்டியை இறுக்கிக்கொண்டாள்.
நான் சாலையைப் பார்க்கவில்லை.
காலைப் பார்த்தேன்.

பாலீஷ் போட்ட கறுப்பு ஷூ
கிளட்ச் மேல்,
மிதிக்காமல், எடுக்காமல்,
தூங்கும் குழந்தைமேல் வைத்த கைபோல.

எவ்வளவு நாளாக?
நவம்பரிலிருந்து என்றார்.
லேசாகத் தொட்டால் நின்றுவிடுகிறது.
சரியாகிவிட்டதென்று நினைத்தேன்.

ஓரமாக நிறுத்தச் சொன்னேன். நியூட்ரல்.
எடுங்கள் காலை: கீச் கீச்.
தொடுங்கள்: மௌனம்.
அவர் முகத்தில் சின்னதாய் ஒரு பெருமிதம்.
இப்போது முழுக்க மிதியுங்கள்.
அடிவயிற்றிலிருந்து கறகறவென்று
காப்பிக்கொட்டை அரைபட்டது.

அதுவா, அது வரும்.
அப்போது ரேடியோவைக் கொஞ்சம் கூட்டுவேன்.

செவ்வாய்க்கிழமை கியர்பெட்டியை இறக்கினேன்.
கிளட்ச் ஃபோர்க் உட்காரும் குமிழ்
எலும்பாய்க் காய்ந்து கிடந்தது.
நவம்பரில் அதற்கு வேண்டியிருந்தது
ஒரு விரல்நுனி கிரீஸ்.
இப்போது ரிலீஸ் பேரிங் உள்ளங்கையில் பொலபொலத்தது.
பிரஷர் பிளேட்டின் விரல்கள் தேய்ந்து மின்னின.
தகடு மழமழவென்று, கருகல் வாசனையோடு.

எட்டு மாத அமைதியின் விலையைப்
பென்சிலால் எழுதிக் கொடுத்தேன்.
கடைசி வரிவரை படித்தார்.
பிறகு மெதுவாக,
தேதி போடவில்லையே என்றார்.

சனிக்கிழமை வந்து உட்கார்ந்தார்.
சாவி திருப்பினார். ஒன்றுமில்லை.
மிதித்தார், விட்டார், ஒன்றுமில்லை.
இடது கால் அந்தரத்தில் நின்றது,
நாற்காலி காட்டப்படாத விருந்தாளியாய்.
இதை எங்கே வைப்பது?

டார்ச் அடித்துக் காட்டினேன்.
பத்தொன்பது வருடக் காரில்
பிரேக் ரப்பருக்குப் பாதி வரிகள் மிச்சம்,
கிளட்ச் ரப்பர் முழு வழுக்கை.
இடது ஓரத்தில், கால் இளைப்பாற ஒரு சரிவுப் பலகை,
ஒரு வரிகூட மழுங்காமல்,
ஷோரூமில் நிற்பதுபோல.

இதை அலங்காரம் என்றல்லவா நினைத்தேன்,
ஷூவை அதன்மேல் வைத்தார்,
ஈரச் சிமெண்டில் வைப்பதுபோல.

பின்சீட்டில் ஹெனோவேவா,
ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி,
மெல்ல,
கீச் கீச் என்றாள்.

கால் தானாகக் கிளட்சுக்குப் போனது.